அடுப்பு அணைந்திருக்கிறது

திருநீர்மலை அடிவாரத்தில் காரை நிறுத்தியதும் ஷ்யாம்சுந்தர் ஃபோனை எடுத்துப் பிரசாதம் நீட்டுகிற மாதிரி மனைவியிடம் நீட்டினான்.

'அடுப்பு அணைந்திருக்கிறது' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

மிருதுளா படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த ஒரு வரிக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்த்திருக்கிறான்!

கல்யாணமான நாளிலிருந்து மேடவாக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், கேம்ப் ரோடு வருவதற்குள் மிருதுளாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுப்பை அணைத்தோமா?

வண்டி திரும்பும். அவள் மட்டும் மாடிக்கு ஓடுவாள். இறங்கி வந்து பேசாமல் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்வாள்.

என்ன ஆச்சு என்று அவன் கேட்டதே இல்லை. கேட்பானேன்? பெண்டாட்டி ஒரு சந்தேகப் பிராணி, அவ்வளவுதான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் அவன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வண்டலூர் வரை போய், அடுப்பைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பினார்கள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அவன் சொந்தக்காரர்கள் மிருதுளாவைப் பார்த்தால் முதலில் அடுப்பைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அதற்குத்தான் இந்த வைத்தியம். அடுப்புக் குமிழோடு சேர்ந்து சுற்றுகிற மாதிரி ஒரு சின்னச் சக்கரம். அது எவ்வளவு திரும்பியது என்று எண்ணி ஃபோனுக்குச் சொல்ல, தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட். அதற்கு 'மிருதுளா நிம்மதி' என்று பெயர் வைத்து ஆபீஸ் முழுக்கக் காட்டினான். கனடாவில் இருக்கும் நண்பன்கூடக் கைதட்டல் போட்டான்.

இன்றைக்குத்தான் முதல் சவாரி. கிளம்பும்போது கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. வழக்கம்போல அவள் இறங்கிக் காத்திருக்க, அவன் தன் இரண்டாவது காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு, கதவைப் பூட்டிப் படியில் இறங்கி வந்து சாவியை அவளிடம் கொடுத்தான். அந்தக் காபி இல்லாமல் அவனுக்கு வண்டி ஓட்ட வராது.

ஃபோன் அதிர்ந்தது. குடியிருப்புக் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார்: 'இப்பதான் கரண்ட் வந்துச்சு. யாரும் மோட்டார் போடாதீங்க.'

ஷ்யாம்சுந்தர் அதை இன்னொரு முறை படித்தான்.

அந்தச் சக்கரத்துக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது. திரும்பினால் எண்ணத்தான் தெரியும். கரண்ட் போய் வந்தால், அப்போது குமிழ் எங்கே நிற்கிறதோ அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி எண்ண ஆரம்பிக்கும். அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தாலும் பூஜ்யம்தான்.

பூஜ்யம் என்றால் 'அடுப்பு அணைந்திருக்கிறது' என்று எழுதியவன் அவனேதான்.

குமிழைத் திருப்பினோமா என்று யோசித்துப் பார்த்தான். காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"பர்ஸை வச்சுட்டு வந்துட்டேன் போல. ஒரு நடை வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றான்.

பர்ஸ் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

மிருதுளா அதைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த தன் கையைத் திறந்தாள். வீட்டுச் சாவி. கைப்பையில் போடாமல் வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"வண்டியை எடுங்க. வண்டலூர்லேர்ந்து திரும்பினோமே, அன்னிக்கு எரிஞ்சிட்டுத்தான் இருந்தது. உங்க காபிப் பாத்திரம் கரியாப் போயிருந்தது. உங்க மனுஷங்க முன்னாடி எதுக்குன்னு நான் சொல்லல."