பழையதே போதும்

"பழையபடியே மாத்திக் கொடுத்துடுங்கம்மா. இந்தப் புதுசு எனக்குச் சரிப்பட்டு வரலை," என்றார் மருந்துக்கடைக்காரர்.

கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்த பெண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. போன வாரம் அவர் காரை சர்வீஸுக்கு விட்டபோது, அதிலிருந்த வழிகாட்டிக் கருவிக்குப் புது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். போக வேண்டிய இடத்தை வாயால் சொன்னால் திரையில் வழி காட்டும் கருவி. அவரே ஆசைப்பட்டுக் கேட்டுத் தனியாக வாங்கிப் பொருத்தியது. அந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கியிருக்கலாம்.

"தப்பா வழி காட்டுதா சார்?"

"வழியெல்லாம் சரியாத்தான் காட்டுது."

"அப்புறம் என்ன சார்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்களே வந்து பாருங்களேன்."

காரில் ஏறி உட்கார்ந்ததும், வாய்க்குள்ளேயே "மார்க்..." என்று முணுமுணுத்தார். அதற்குள் கருவி, "மார்க்கெட்டுக்கு வழி காட்டுகிறேன்" என்று திரையில் கோடு போட்டுவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்தக் கருவிக்குக் காது மந்தம் என்று முன்பு திட்டாத ஆளில்லை. வார்த்தையை நிறுத்தி நிதானமாகச் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை வாங்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் புதியது வந்திருக்கிறது, இனி பாதிச் சொல்லிலேயே பிடித்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பழையதே போதும் என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். பணத்தைத் திருப்பி வாங்க அடிபோடுகிறார், பிடிகொடுக்காமல் அனுப்பிவிடு என்றார் அவர். ஆனால் மருந்துக்கடைக்காரர் பைசா கேட்கவில்லை. பழையதைப் போட என்ன செலவானாலும் தானே தருவதாகச் சொன்னார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தவர், எவ்வளவு நேரமானாலும் இருந்து வாங்கிப் போவதாகச் சொல்லி நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்துவிட்டார். சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டே பழைய சாஃப்ட்வேரை ஏற்றினாள்.

வேலை முடிந்ததும் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவரோடு வந்து உள்ளே சோபாவில் காத்திருந்த மனைவியை அவர் கைத்தாங்கலாக அழைத்துவந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். ஓட்டுகிற பக்கம் போகாமல் மனைவியின் ஜன்னலோரமே நின்றார்.

"ஒரு தடவை பாத்துடுவோமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அந்தம்மா திரையை நோக்கிக் குனிந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"வீ... உ."

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்," என்றது கருவி.

சர்வீஸ் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. தானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

அந்தம்மா கண்ணை மூடித் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வீ... டு."

"வீட்டுக்கு வழி காட்டுகிறேன்."

அந்தம்மா சீட்டில் சாய்ந்துகொண்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை போலக் கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பக்கவாதம் வந்ததிலேருந்து, இவ வாயைத் திறக்கறதுக்குள்ள நானும் பிள்ளைங்களும் புரிஞ்சுக்கிட்டு எடுத்துக் கொடுத்துடறோம்மா. இவளை முழுசாச் சொல்ல வைக்க, எங்க வீட்ல இது ஒண்ணுதான் இருந்துச்சு."