தனிக்கருத்து

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பின் பொதுக்குறிப்பை, பேச்சைக் கேட்டு ஒரு கருவியே திரையில் எழுதும். ஒருவர் மட்டும் சொன்னதைத் தனிக்கருத்து என்று விட்டுவிடும். பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் சாயப்பட்டறைப் பெண்கள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். அதெல்லாம் திரையில் ஏறியது. மூன்றாவது ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை, மயக்கம் வருகிறது என்று அவர்களில் ஒருத்தியான குணவதி நான்கு முறை சொன்னது ஏறவில்லை.

சாப்பாட்டு வேளையில் அவள் ஒவ்வொரு மேசைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

மதியம் பயிற்சியாளர், "எல்லாரும் சொல்லுங்கம்மா, பாதுகாப்பு நம்ம பொறுப்பு" என்றார்.

"மூணாவது ஷெட்டுல ஃபேன் ஓடறதில்லீங்க" என்றார்கள் நாற்பது பேரும்.

"நான் சொன்னதச் சொல்லுங்க."

"மயக்கம் வருதுங்க சார்."

மாலை வரை அப்படித்தான். நிர்வாகத்துக்குப் போன மதியக் குறிப்பில் இரண்டே வரிகள். பயிற்சியாளர் மூன்று மணி நேரம் பேசியதைக் கருவி தனிக்கருத்து என்று விட்டுவிட்டது.