சோளத்தட்டைப் பெட்டி

“இந்தக் காலத்துல எவனை நம்ப முடியுது? மாடு தின்னது போக மிச்சமான சோளத்தட்டையை வேகவச்சு, கூழாக்கி, அச்சுல அழுத்திப் பெட்டின்னு விக்கக் கிளம்பிட்டாங்க!”

கொட்டகை வாசலில் நின்று பெரியவர் பொரிந்து தள்ளினார். தக்காளி வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். பிளாஸ்டிக் கூடையைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

“மாமா, அவர் வந்துட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்றாள் மருமகள்.

வந்தவர் பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரி. அவர் தலையாட்டினால்தான் அவளுடைய சோளத்தட்டைப் பெட்டிப் பட்டறை ஓடும். இல்லையென்றால் அச்சு இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

போன வாரம் அவர் கண்ணெதிரேதான் தக்காளியைப் பறித்து, எதில் கெடாமல் இருக்கிறது என்று பார்க்கப் பாதியைக் கூடையிலும் பாதியை அவள் பெட்டியிலும் போட்டு மூடி வைத்தார்கள்.

வியாபாரி பெட்டியைத் திறந்தார். ஒரு பழம்கூடத் தொய்யவில்லை. மருமகள் முகம் மலர்ந்தது.

கூடையைத் திறந்தார். அதிலும் அப்படியே.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா! அப்புறம் உன் பெட்டி எதுக்கு?” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் பெரியவர் குத்தலாக ஏதாவது சொல்லியிருப்பார். இன்றைக்குப் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அழுத்தினார். முகர்ந்தார். கூடையிலிருந்தும் ஒன்றை எடுத்தார்.

“என்ன மாமா, சந்தோஷம்தானே? உங்க கூடையே ஜெயிச்சிடுச்சு. நாளைக்கே அச்சை இரும்புக் கடைக்கு அனுப்பிடறேன்.” அவள் பெட்டியை மூடினாள்.

வியாபாரி வண்டிக் கதவைத் திறந்தார்.

“யோவ், நில்லுய்யா!” பெரியவர் இரண்டு பழங்களோடு அவர் முன்னால் போய் நின்றார். “இது பெட்டிப் பழம், இது கூடைப் பழம். நல்லாப் பார்த்துச் சொல்லு. வித்தியாசமே இல்லையா?”

“சத்தியமா இல்லை பெரியவரே.”

“அப்போ அவ பெட்டியை எடுத்துக்கோ. கூடையில இருக்கிறது இன்னிக்குக் காலையில நான் பறிச்சுப் போட்டது. கூடையில இருந்த போன வாரத்துப் பழமெல்லாம் அழுகிப் பின்னாடி குழியில கிடக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போய்ப் பாரு!”

வியாபாரி குழியை எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை பெட்டிம்மா குடுக்க முடியும்?” என்று ஓடி வந்தபோது, பெரியவர் வயலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்: “மழையில நனையட்டும், அப்பத் தெரியும் இதோட வண்டவாளம்!”