மாடி ஏறாத தண்ணீர்

"யாரோ வேணும்னே பம்ப் வேகத்தைக் குறைச்சிருக்காங்க சார்" என்றார் மெக்கானிக்.

பம்ப் அறை வாசலில் நின்றிருந்த பயில்வான் ஓரடி பின்வாங்கினார். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு அவர்தான் லைஃப்கார்டு. கதவை அடைக்கிற தோளைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பயில்வான்.

"கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் குடியிருப்பின் செகரட்டரி.

"மொட்டைமாடியில சோலார் தகடு இருக்குல்ல? குளத்துத் தண்ணி அதுவரைக்கும் ஏறி, சூடாகி இறங்கணும். இந்தப் பம்புல வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இவ்வளவு மெதுவா ஓடினா தண்ணி மாடி ஏறாது, கீழேயே சுத்திட்டிருக்கும். மேல வெயில் கொளுத்தினாலும் குளம் ஐஸ்தான்."

"தானா குறையுமா?"

"பட்டனை யாராவது அமுக்கணும்."

செகரட்டரி மெல்லத் திரும்பினார். "பயில்வான், இந்த ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

அமுக்கியது பயில்வான்தான். தினமும் காலையில் குளத்தைச் சுத்தம் செய்கிற சாக்கில் உள்ளே போய்க் காரியத்தை முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார். தண்ணீரில் கால் வைத்த பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடும். இப்போது மாட்டினால் வேலை போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும். மகளுக்குப் பரீட்சை நேரம் வேறு.

"கரண்ட் மிச்சமாகட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

செகரட்டரி சிரித்துவிட்டார். "மிச்சம் பிடிக்கிற மூஞ்சியைப் பாரு. யாரும் குளிக்க வரலேன்னா உட்கார்ந்தே சம்பளம் வாங்கலாம், அதானே? சரி, இந்த ஒரு தடவை விடறேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. மெக்கானிக் வேகத்தைக் கூட்டி, வேறு யாரும் மாற்ற முடியாதபடி செய்துவிட்டுப் போனார். பம்ப் உறுமியது. சுவரோரக் குழாயில் தண்ணீர் மாடிக்கு ஏறுகிற சத்தத்தைக் கேட்டபடி பயில்வான் அங்கேயே நின்றார்.

சனிக்கிழமைக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. அன்று மாலை குளம் கொள்ளாத கூட்டம்.

"கொஞ்சம் பார்த்துக்குங்கண்ணா. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று ஓர் அம்மா தன் சின்ன மகளை இறக்கிவிட்டுப் போனாள்.

குழந்தை விளிம்பைப் பிடித்தபடியே ஆழமான பக்கம் நகர்ந்தது. பயில்வான் நாற்காலி சாய எழுந்து ஓடினார். கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, குழந்தையைத் தூக்கி வெளியே விட்டார். பிறகு விசிலை ஊதி, எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார்.

சத்தம் கேட்டுச் செகரட்டரி வந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? நீங்க திருந்தவே மாட்டீங்களா?"

பயில்வான் லைஃப்கார்டு பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"வேற ஆளை வச்சுக்குங்க சார். வேலைக்கு எடுக்கறப்ப யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, நானும் சொல்லலை. எனக்கு நீச்சல் தெரியாது."