குழாயடிப் பாதை

எறும்புகள் சர்க்கரை டப்பாவுக்குப் போகும் பாதை ஒழுகும் குழாய்க்கு நேர் கீழே போயிற்று. சொட்டு விழும்போதெல்லாம் யாராவது ஒருத்தியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். மற்றவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். எறும்புக்கு வழி சொல்வது கண் அல்ல, முன்னால் போனவள் தரையில் விட்டுப்போன வாசனைதான்.

தங்கையை அங்கே பறிகொடுத்த சுள்ளியால் மட்டும் பொறுக்க முடியவில்லை. ராணியின் சபையில் போய்க் கத்தினாள். சபைக்காரிகளை ஒவ்வொருத்தியாகக் கையோடு கூட்டிவந்து குழாயடியைக் காட்டினாள். மழைக்காலம் முழுக்க நடையாய் நடந்தாள். கடைசியில் ராணி இறங்கிவந்தாள்.

"நாளை முதல் எல்லோரும் ஜன்னல் ஓரமாகத்தான் போக வேண்டும்" என்று உத்தரவு வந்தது. வளையே ஆரவாரம் செய்தது.

மறுநாள் காலை, குழாயடி காலியாகக் கிடப்பதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று சுள்ளி ஓடினாள். அங்கே வந்து திரும்பியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பின்னால் மொத்த வளையும் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, இங்கே ஏன்டி வர்றீங்க? உத்தரவு காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா" என்றாள் முதலில் வந்தவள். "ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தோம். அங்க யாரோட வாசனையும் இல்ல. இங்கதான் தரை முழுக்க உங்க வாசனை."

அவர்களுக்கு நேர் மேலே, குழாயின் வாயில் ஒரு சொட்டு கனத்துத் தொங்கியது.