சாக்குக்கு அடியில் இருந்த சக்கரம்

மாமனார் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டார். ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று உறுதியும் செய்துகொண்டார். மெக்கானிக்கான இளைய மாப்பிள்ளை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

மாமனார் நேராக மூலைக்குப் போனார். சாக்கை விலக்கி, அவன் ஒளித்து வைத்திருந்த சக்கரத்தை எடுத்து வந்து, மேஜைமேல் இருந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு எஞ்சினுக்கு ரெண்டு பாலன்சர் எதுக்கு மாப்பிள்ளை?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இரண்டு சக்கரங்களையும் பார்த்தான்.

பிரித்துச் சேர்த்த எஞ்சின் பழைய காருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அதன் மூக்கில் மாட்ட வேண்டிய பாலன்சர் ஒன்றுதான் பாக்கி. எஞ்சின் சுற்றும்போது எழும் உதறலை வாங்கிக்கொள்ளும் சக்கரம் அது. உள்ளே சுழலும் வார்ப்பிரும்புத் தண்டான கிராங்குக்கு ஏற்ற ஜோடியாக அமைய வேண்டும். ஜோடி மாறினால் எஞ்சின் உதறி உதறியே தன்னை உடைத்துக்கொள்ளும்.

மேஜைமேல் இருந்தது, மாமனாரின் அண்ணனான பெரியவரே எழுதிப்போட்டு வரவழைத்தது. ஓரத்தில் எடைக்கட்டை உள்ளது. அவருடைய பழைய கிராங்குக்கு ஜோடி. சாக்குக்கு அடியில் இருந்ததில் எடை கிடையாது.

பெரியவர்தான் காருக்குச் சொந்தக்காரர். வேலை நிமித்தம் வெளியூர் போனபோது எஞ்சினைப் பிரித்துப் பெட்டிகளில் கட்டித் தம்பியின் பொறுப்பில் விட்டுப் போனார். ஓய்வு பெற்றுத் திரும்பியதும், "என் கிராங்க்தான் உள்ள இருக்கணும்" என்ற ஒரே நிபந்தனையோடு அவனிடம் வேலையைக் கொடுத்தார்.

அந்த கிராங்க் இப்போது உள்ளே இல்லை.

போன மாதம் கழுவும்போது கை வழுக்கிற்று. முழங்கால் உயரம்கூட இருக்காது, விழுந்த வேகத்தில் இரண்டு துண்டு. உடைந்த இடத்தில் பாதி பளபளவென்றும் பாதி எண்ணெய்க் கறுப்பு ஏறியும் இருந்தது. அதையெல்லாம் நின்று ஆராய அவனுக்கு ஏது தெம்பு? வேறொரு கிராங்கையும் அதற்கு ஜோடியான எடையில்லாத சக்கரத்தையும் தேடிப் பிடித்தான்; கிராங்கை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளையின் கதை ஒன்று இருக்கிறதே! பெரியவரின் ஸ்பேனர் காணாமல் போனபோது, "நான் தொடவே இல்லை" என்று அந்த மாப்பிள்ளை சாதித்தார். பொய்யன் என்று முத்திரை விழுந்தது. ஆறு வருஷமாகப் பெரியவர், லீவில் வந்தபோதும் சரி, இப்போதும் சரி, அவரை வீட்டு வாசலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சாப்பிடும்போது அந்தப் பேச்சு வந்தாலே மாமனார் பாதியில் கை கழுவ எழுந்துவிடுவார்.

"பெரியப்பாகிட்ட நல்ல பேர் வாங்கிடுங்க. எங்க அக்கா படுற பாடு எனக்கு வேண்டாம்" என்று மனைவி காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினாள்.

எடையுள்ளதை மாட்டினால் எஞ்சின் போகும். எடையில்லாததை மாட்டினால், பெரியவர் பானெட்டைத் திறந்த மறுகணம் மானம் போகும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

வெளியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "டேய் தம்பி, ஆச்சாடா?"

"இதோ ஆச்சுண்ணே!" மாமனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவன் எடையில்லாத சக்கரத்தைக் கையில் எடுத்தான். "இதைத்தான் மாட்டப் போறேன் மாமா. பெரியவரோட கிராங்கை நான் கீழ போட்டு உடைச்சுட்டேன். உள்ள இருக்கறது வேற. உடையப் போற வண்டின்னு தெரிஞ்சே அவரை ஏத்த என்னால முடியாது. போய்ச் சொல்லிடறேன், வழி விடுங்க."

மாமனார் வழி விடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"உடைஞ்ச இடம் பாதி கறுப்பா இருந்துதா?"

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது பழைய விரிசல். பெட்டியை இடம் மாத்துறப்போ நான்தான் சிமெண்டுத் தரையில போட்டேன். எண்ணெயைத் தடவி, துணியில சுத்தி, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வெச்சுட்டேன். தாழ்ப்பாள் உங்களுக்குப் போட்டதில்ல மாப்பிள்ளை, அண்ணன் உள்ள வந்துடக் கூடாதுன்னு போட்டது."

ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது போலிருந்தது அவனுக்கு. சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"அட போங்க மாமா, இதுக்கா இப்படி வேர்த்து வழியறீங்க? கதவைத் திறங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம். இந்த ஒரு விஷயம்தானே!"

கதவைப் பெரியவர் தடதடவென்று தட்டினார். மாமனார் நகரவில்லை; தலை மட்டும் குனிந்தது.

"அந்த ஸ்பேனரும் நான் தொலைச்சதுதான் மாப்பிள்ளை."