அபஸ்வரப் பானை

சிலுவை சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எங்கள் வெண்கடல் தீவில் இடிந்து கிடந்த மடாலயக் கோயிலைத் தோண்டினோம். பாட்டு கணீரென்று ஒலிப்பதற்காக அந்தக் காலத்துத் துறவிகள் சுவருக்குள் வெறும் பானைகளைப் பதித்திருந்தார்கள். என் மனைவி லுகேரியா ஒரு பானையை வெளியே எடுத்து மண்ணைத் துடைத்தாள். உள்ளே யாரோ பாடினார்கள்.

“சாமியாரோ?” என்றேன்.

“சாமியார் இவ்வளவு மோசமாவா பாடுவாரு? கடலோட போன எங்க அண்ணன்யா.”

நகர அருங்காட்சியகத்துக்கு அதை அனுப்ப வேண்டும் என்றாள் அகழாய்வுக் குழுத்தலைவி ரொக்னேதா. லுகேரியா பானையை மடியிலிருந்து இறக்கவில்லை. ரொக்னேதா குனிந்து காதை வைத்தாள்.

“அங்க யாரும் இதைத் தாங்க மாட்டாங்க அக்கா,” என்று சொல்லித் தன் கையாலேயே சுவரில் திரும்பப் பதித்தாள்.

லுகேரியா தினமும் போய்ச் சுதி திருத்துகிறாள்.

இத்தனைக்கும் என் மாமனாருக்கு அவள் ஒரே பிள்ளை.